மண்டோர் சதாசிவத்தின் இரண்டாவது வாக்குமூலம்

மண்டோர் சதாசிவம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகு இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

லால்குடிப் பக்கத்து ஆள். மீசை அரும்பும் வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவில் ஜொகூருக்கு வந்தார். காஹாங் காட்டில் மரம் வெட்டினார், அட்டைக்கும் கொசுவுக்கும் ரத்தம் கொடுத்தார், இரண்டு தோட்டம் மாறினார், கடைசியில் அரசாங்கச் சாலை வேலையில் வந்து ஒட்டிக்கொண்டார். அவரைவிட நன்றாக மண்வெட்டி பிடித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் தொரை முன்னால் நிற்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடப்பாரை காணாமல் போனாலும் சரி, சாலை ஓரம் சரிந்தாலும் சரி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை" என்பார். தொரையும் மேலே கேட்கமாட்டார். இப்படி எல்லாப் பழியிலிருந்தும் கூட்டத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றியே கூலிகளை மேய்க்கிற மண்டோர் ஆனார். கூலிகளுக்கும் அவரிடம் மரியாதை இருந்தது. தனக்காக மட்டும் பொய் சொல்பவரல்ல, எல்லோருக்குமாகச் சேர்த்துப் பொய் சொல்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலைக்கு, வழியில் இருந்த கல்மலையிலிருந்துதான் கல் எடுத்தார்கள். மலையின் அடியில் முனியாண்டி இருந்தார். சிலையெல்லாம் கிடையாது. நட்டு வைத்த ஒரு கல், அதில் மஞ்சள் குங்குமம், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். பாறையில் வெடிமருந்து வைத்து வெடிக்கும் நாளில், திரியைப் பற்ற வைப்பதற்கு முன் முனியாண்டிக்கு ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்து, ஒரு குவளை சம்சு சாராயத்தை அந்தக் கல்லின்மேல் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் வெடித்தால் மலை ஆளைக் கேட்கும் என்று கூலிகள் நம்பினார்கள். பூசை போடுவது மண்டோரின் பொறுப்பு. அதில் சதாசிவம் படு கறார். சாமிக்கு வாங்கிய சாராயத்தை எவனாவது நாக்கில் வைத்தால் அன்றைக்கே கூட்டத்தை விட்டுத் துரத்திவிடுவார். சொன்னால் நம்புங்கள், அந்த மலையில் முனியாண்டியைத் தவிர யாரும் குடித்ததில்லை.

முனியாண்டிக்கும் கூலிகளுக்கும் இருந்த இந்த ஒப்பந்தத்தில் எஞ்சினியர் தொரை சேரவில்லை. ஒருநாள் தகரத்துக்கு அடியில் சாராய போத்தலைப் பார்த்துவிட்டுக் குதித்தார். இன்னொரு தடவை இங்கே சாராயத்தைக் கண்டால் இந்தக் கல்லையும் உடைத்துச் சாலையில் போடுவேன், மண்டோரையும் வேலையை விட்டு நீக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு போத்தல் ஒரு பாறை இடுக்குக்குள் குடிபோனது. பூசை நிற்கவில்லை.

கல்மலையில் பாறைக்குத் துளை போடுகிற ஆள் ஐயாசாமி. கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. ஒரு காலத்தில் மொடாக்குடியன். சம்பள நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு வருவதற்கே இரண்டு பேர் வேண்டும். பெண் குழந்தை பிறந்ததும் குடியை விட்டான். சந்திரமதி என்று ராணி பெயராகப் பார்த்து வைத்துவிட்டு, பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி அங்கம்மாவும் அதே மலையில்தான் கல் சுமந்தாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆளைக் குறைத்து, வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்படி ஒரு வருஷத்தில், மருந்து வெடித்துப் புகை அடங்கி, கல்லை ஒதுக்குவதற்காக ஆட்கள் உள்ளே போனபோது, மேலே தொற்றிக்கொண்டிருந்த பாறை ஒன்று உருண்டது. ஐயாசாமியின் வலது கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. தலையும் கல்லில் மோதியது.

கடப்பாரை போட்டு நெம்பிப் பாறையை நகர்த்தினார்கள். கை இருந்த இடத்தில் கை இல்லை. ஐயாசாமி மயங்கியும் மயங்காமலும் முனகிக்கொண்டிருந்தான். மருந்துப் பெட்டி தூரத்தில், கூலிகள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் கிடந்தது. சதாசிவம் ஓடினார். பாறை இடுக்கிலிருந்து முனியாண்டியின் போத்தலை உருவிக்கொண்டு வந்து, நசுங்கிய கையில் மடமடவென்று ஊற்றினார். புண்ணுக்குச் சாராயம் ஊற்றுவது காட்டு வேலையில் அவர் கற்றது. ஐயாசாமி அலறினான். அந்த அலறலைத் தாங்காமல், வலி கொஞ்சம் மட்டுப்படட்டும் என்று அவன் தலையை மடியில் வைத்து, பல்லைப் பிரித்து, ஒரு வாய் உள்ளேயும் ஊற்றினார். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. பிறகு லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கல்கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்த அங்கம்மா லாரியில் ஏறி அவன் முகத்தோடு முகம் வைத்தபோது, அவளுக்கு முதலில் தெரிந்தது சாராய வாடைதான்.

இதுவரை சதாசிவம் செய்தது எல்லாம் சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் எஞ்சினியர் தொரை எழுத்து வேலை பார்க்கும் கிராணியை அழைத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தார். அதற்குள் சதாசிவம் போத்தலைக் கல்குழித் தண்ணீரில் எறிந்துவிட்டு, கூட்டத்தையும் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தார். "எவனும் வாயத் தெறக்கக் கூடாது. போத்தலு கதை தெரிஞ்சா முனியாண்டியும் போயிருவாரு, நானும் போயிருவேன். அப்புறம் வர்ற மண்டோர் உங்கள என்ன பாடு படுத்துவான்னு யோசிச்சுக்குங்க." யோசித்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சாராய வாடை அடித்ததாகச் சொல்லியிருக்கிறார்களே, மலையில் சாராயம் இருந்ததா என்று தொரை கேட்டார்.

"ஒரு சொட்டு கெடையாதுங்க தொரை. நாங்க கண்ணாலயும் பாக்கறதில்ல" என்றார் சதாசிவம். கிராணி எழுதினார். சதாசிவம் அதன் அடியில் பெருவிரல் ரேகை வைத்தார்.

அவர் கணக்கு இதுதான். மலையில் சாராயம் இல்லை என்றால் முனியாண்டி பிழைத்தார், மண்டோர் பிழைத்தார், ஐயாசாமிக்கும் நல்லதுதானே, குடித்தான் என்று எவன் சொல்ல முடியும்? மூன்று பேரையும் ஒரே பொய்யில் கரை சேர்த்துவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மேலே இருந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஆள் வாயிலும் சட்டையிலும் சாராயம். மலையிலோ சாராயமே கிடையாது, மண்டோரே சொல்லிவிட்டார். அப்படியானால் இவன் வேலைக்கு வரும்போதே குடித்துவிட்டு வந்திருக்கிறான். கை கால் போன அரசாங்கக் கூலிக்கு உதவிப்பணம் உண்டுதான். ஆனால் போதையில் அடிபட்டவனுக்குக் கிடையாது. ஐயாசாமியின் மனு தள்ளப்பட்டது.

இந்தச் சேதி வரும்போது ஐயாசாமி முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் லைன் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். வீட்டில் பாப்பாவும் இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில் லைன் வீடுகளில் காய்ச்சல் கண்டு, குழந்தைகளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போனது. சந்திரமதியும் போய்விட்டாள். ஆற்றுவெள்ளம் ஏறாத மேட்டில் புதைத்திருந்தார்கள்.

மனு தள்ளப்பட்ட காரணத்தைக் கிராணி படித்துச் சொன்னபோது சதாசிவம் பக்கத்தில்தான் நின்றார். தன் ரேகைதான் ஐயாசாமியின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு ஐயாசாமி வீட்டுக்குப் போனார்.

"வாங்கண்ணே" என்று அங்கம்மா பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அய்யாசாமி, ஒரு தடவ தள்ளிட்டாங்கன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்லடா. மேல எழுதிப் போடலாமாம். ஜொகூர் பாருல கூப்புட்டு விசாரிப்பாங்களாம். கிராணி சொன்னாரு" என்றார் சதாசிவம்.

"வேணாம் மண்டோரே."

"ஏண்டா வேணாம்?"

"குடிச்சிட்டுப் போயி கையக் குடுத்தவனுக்கு எதுக்குப் பணம்?"

சதாசிவம் அவன் பக்கமாகத் திரும்பினார். "நீ குடிச்சியா?"

"தெரியல மண்டோரே. காலைல பெரட்டுல பேரு கூப்புட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரிக் கட்டிலு. நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனா வாயில சாராய ருசி இருந்துச்சு. அது எனக்குத் தெரியாதா? அதுலயே ஊறுன வாயி. ஆஸ்பத்திரியில கட்டுப் போடற டிரஸர் சொன்னான். இவளும் மோந்திருக்கா. எல்லாருமா பொய் சொல்லுவாங்க? முனியாண்டி போத்தலத் தொட நீங்க விடமாட்டீங்க, எங்கயோ வாங்கி ஊத்திக்கிட்டுத்தான் மலைக்கு வந்திருக்கேன்."

அதைக் கேட்டதும் சதாசிவத்துக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற எண்ணம். இதை எழுதாமல் மறைத்தால் நானும் ஒரு பொய் வாக்குமூலம் கொடுத்தவனாவேன். இவனே குடித்ததாக நம்புகிறான், இவனே வேண்டாம் என்கிறான், நம்மை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று ஒரு கணம் அவர் மனசு லேசானது. அடுத்த கணமே அந்த லேசான மனசைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்தார்.

அங்கம்மா பின்னாலேயே தண்ணீர்க் குழாய் வரைக்கும் வந்தாள்.

"அரிசிக்கு ரொம்ப நன்றிண்ணே. நீங்க ஒருத்தர்தான் எட்டிப் பாக்கறீங்க" என்று தொடங்கியவள் அழுதுவிட்டாள். "அவருகிட்ட நான் பேசறதில்லண்ணே. எப்படிப் பேசுவேன்? பாப்பா பொறந்த அன்னைக்கு அது தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணாரு. இனிமே சாராயத்தத் தொட்டா இந்தப் புள்ள எனக்கு இல்லன்னு, அவரு வாயாலயே சொன்னாரு. தொட்டாரு. இல்லாமப் போச்சு."

குடியை விட்டது சதாசிவத்துக்குத் தெரியும். பிள்ளை தலையில் அடித்த சத்தியம் தெரியாது. அந்தக் காய்ச்சலில் எந்தச் சத்தியமும் பண்ணாதவன் பிள்ளைகளும்தான் போயின. எதிர்வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு. ஆனால் அதையெல்லாம் நினைக்கிற நிலையில் சதாசிவம் இல்லை. சத்தியம் பண்ணிய வாயைப் பிரித்துச் சாராயம் ஊற்றிய தன் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'தங்கச்சி, அவன் தொடல, நான்தான் ஊத்துனேன்' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? வாயைத் திறந்தார். "கவலப்படாத தங்கச்சி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மனுஷன் வாயிலிருந்து வரக்கூடிய பதில்களில் இதைவிடக் கேவலமான ஒன்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் ஓடாத ஓட்டமில்லை. உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். உதவிப்பணம் இல்லாத ஊனமானவர்களைக் கப்பலேற்றப்போகிறார்கள் என்று கிராணி சொன்னதைக் கொண்டுபோய் ஐயாசாமி வீட்டில் சொன்னார். அங்கம்மா சதாசிவத்தைப் பார்த்து, "புள்ளய இந்த மண்ணுல வெச்சிட்டு நான் எந்தக் கப்பல்லண்ணே ஏறுவேன்?" என்றாள். அது யாருக்குச் சொன்னது என்பது ஐயாசாமிக்குப் புரிந்தது. "சரி மண்டோரே, எழுதிப் போடுங்க. அவளுக்காக" என்றான்.

கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக்தான் அந்த வட்டாரத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். இங்கிலீஷும் மலாயும் தெரியும். வாய் கொஞ்சம் காரம். சதாசிவம் கூட்டத்து ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்து, ஐயாசாமி நல்ல உழைப்பாளி, ஒருநாள் பெரட்டுக்குப் பிந்தியதில்லை, எவனையும் அடித்ததில்லை என்று சொல்லவைத்தார். ஜெகபர் சாதிக் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மண்டோரே, இவ்வளவு பேரு வந்து அவனப் புகழ்ந்து தள்ளிட்டீங்க. கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்கறாங்கன்னா இது போதும். அரசாங்கம் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வாடை எப்படி வந்துச்சு?"

"அதான் பாய் தெரியல."

"மலையில சாராயம் இல்லேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதுல ஒக்காந்துக்கிட்டுத்தான அவன் மனுவத் தள்ளியிருக்காங்க? அந்தக் கல்லு நகராம இந்தத் தேரு எப்படிப் போகும்?" என்று அவர் முகத்தையே பார்த்தார். கடைக்காரனுக்கு முகம் படிக்கத் தெரியும். "ஒங்கள நான் ஒண்ணும் கேக்கல மண்டோரே. நீங்களே ஒங்களக் கேட்டுக்குங்க. மனுவ அனுப்பிடறேன். தோத்துப்போற மனுவுக்கு நான் காசு வாங்கறதில்ல, எடுத்துக்கிட்டுப் போங்க."

கூட்டத்திலும் யாரும் சதாசிவத்தை ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் அவர் சொன்னதற்காகத்தான் வாயை மூடியிருந்தார்கள். பெரட்டில் பேர் கூப்பிடும்போது அவர்கள் பதில் சொல்கிற குரலே மாறியிருந்தது. அடுத்த வெடிக்குச் சதாசிவம் சுருட்டு மட்டும் கொளுத்தினார். சாராயம் ஊற்றக் கை வரவில்லை. முனியாண்டி முகத்தில் விழிக்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. ஐயாசாமி, அங்கம்மா, சதாசிவம் மூன்று பேரும் லாரி பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். வழியெல்லாம் சதாசிவம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். தொரை நல்லவராக இருக்கலாம். ஆட்கள் சொன்னதைப் படித்துவிட்டு இரக்கப்பட்டுக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். ஆபீஸ் படி ஏறுகிறவரைக்கும் அவருக்கு இந்த ஆசைதான்.

உள்ளே வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் தமிழை இங்கிலீஷில் சொல்ல ஜெயபாலன் என்ற உத்தியோகஸ்தர். அதிகாரி மனுவைப் படித்தார். உழைப்பாளி என்று சொன்ன சாட்சிகளையும் பொறுமையாகப் படித்தார். பிறகு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஐயாசாமியைப் பார்த்தார். ஜெயபாலன் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"நீ நல்ல வேலையாள்னு எல்லாரும் சொல்றாங்க, அதுல தொரைக்குச் சந்தேகம் இல்லை. அன்னைக்கு நீ குடிச்சிருந்தியா, இல்லையா? அத மட்டும் நேராச் சொல்லு."

ஐயாசாமி தரையைப் பார்த்தான். "குடிச்சிருக்கேங்க."

ஜெயபாலன் அதை உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுச் சொல்லுப்பா. இத நான் அவருக்குச் சொல்லிட்டா ஒன் மனு இதோட முடிஞ்சுது" என்றார்.

"சொல்லுங்கய்யா. சத்தியத்த மீறி ஒண்ணு போயிருச்சு. பொய்யச் சொல்லி இன்னொண்ணும் போக வேணாம்" என்று சொல்லி அவன் அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

சதாசிவம் எழுந்து நின்றதை அவரே அறியவில்லை. "அவன் குடிக்கலீங்க தொரை!" என்று கத்திய குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. பிறகு நிற்கவில்லை. முனியாண்டி, பாறை இடுக்கு, போத்தல், கையில் ஊற்றியது, பல்லைப் பிரித்து ஊற்றியது, கல்குழியில் எறிந்தது, கூட்டத்தின் வாயைக் கட்டியது, எல்லாம் கொட்டினார். ஜெயபாலன் மூச்சுவிட இடம் கேட்டு இரண்டு முறை கையைக் காட்ட வேண்டியிருந்தது.

அதிகாரி பழைய விசாரணைத் தாளை எடுத்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட இல்லை என்று இதில் உன் ரேகை இருக்கிறது, அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்கிறாய், நான் எதை நம்புவது என்று கேட்டார்.

"தொரை, அன்னைக்கு நான் சொன்ன பொய்யில எனக்கு வேல நெலச்சுது. இன்னைக்குச் சொல்றதுல வேல போயிரும். போறதுக்குன்னு எவனாவது இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்லுவானா?" என்றார் சதாசிவம். "சந்தேகமிருந்தா என் ஆளுங்களக் கூப்புட்டுக் கேளுங்க. நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். நானே சொல்லச் சொல்றேன், எல்லாரும் சொல்லுவாங்க."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். ஆட்களையும் விசாரிக்கச் சொல்வதாகவும், அவர்களும் இதையே சொன்னால் போதை என்ற காரணத்தைத் தள்ளிவிட்டு உதவிப்பணத்துக்கு உத்தரவு போடுவதாகவும் சொன்னார். பொய் வாக்குமூலம் கொடுத்த மண்டோரைப் பற்றி எஞ்சினியருக்கு எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார். சதாசிவம் தலையாட்டினார்.

இரண்டும் சொன்னபடியே நடந்தன. ஆட்கள் எல்லோரும், யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர்கள் போல, ஒரே மூச்சில் உண்மையைச் சொன்னார்கள். ஐயாசாமிக்கு உதவிப்பணம் வந்தது. சதாசிவத்துக்கு அந்த மாதமே வேலை போனது. செனாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டப் போனார், கடைசி வரை அங்கேயே இருந்தார். முனியாண்டியின் கல்லை உடைக்க எஞ்சினியர் ஆள் அனுப்பியபோது அங்கே கல் இல்லை. கூலிகள் முன்கூட்டியே பெயர்த்துக்கொண்டு போய் ரப்பர் மரங்களுக்குள் நட்டுவிட்டார்கள். சதாசிவம் பழக்கிய ஆட்கள். எங்கே என்று கேட்டதற்கு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு விசாரணை முடிந்து மூன்று பேரும் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தார்கள். ஐயாசாமியால் நடக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மண்டோரே, அப்ப நானா எடுத்துக் குடிக்கலியா?"

"இல்லடா. நீ மயங்கிக் கெடந்த. நான்தான் ஊத்துனேன்."

"நெசமாவா?"

"முனியாண்டி மேல ஆணையா."

ஐயாசாமி வாய் கோணிக்கொண்டது. "அப்ப பாப்பாவ நான் கொல்லலியா?"

பணம் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை. இத்தனை மாதமாக எதைச் சுமந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் என்பது சதாசிவத்துக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவன் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ இல்லடா. நான்தான். சத்தியம் பண்ணுன வாயில ஊத்துன கை என்னுது. பாப்பா பாவம் என்னத்தான் சேரும், ஒன்னச் சேராது. இன்னையோட அத விட்டுரு."

ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, அவர் அப்படியே நம்பினார். அங்கம்மா தன்னைக் காறித் துப்புவாள், அதோடு கணக்குத் தீரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்.

அங்கம்மா துப்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள்.

"பாப்பாவ யாரும் கொல்லலண்ணே. காய்ச்சல்ல போச்சு. எதிர்வீட்டு ரெண்டும் அதுலதான் போச்சு, எனக்குத் தெரியாதா? யாரையாச்சும் வையணும்போல இருந்துச்சு, கையில்லாத இந்த மனுசன வைஞ்சேன். அது என் பாவம், நான் பாத்துக்கறேன். கல்லு உருண்டப்ப நீங்க ஊத்துனதும் தப்பில்ல. ஆனா தண்ணிக் கொழாகிட்ட நின்னு அத்தன அழுதேனே, அப்பச் சொல்லியிருந்தா என்னண்ணே? அன்னைக்கே வீட்டுக்குள்ள போயி இவரக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேனே. ரெண்டு பேரும் சேந்து எங்க புள்ளைக்கு இன்னும் அழவே இல்ல."

சதாசிவம் எத்தனையோ பழிகளுக்குப் பதில் சொன்னவர். பிள்ளையைக் கொன்ற பாவத்தைக்கூடத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் துணிந்து வந்தவருக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்த அந்தச் சாயங்காலத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அங்கம்மா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஐயாசாமி வாய்விட்டு அழத் தொடங்கினான். அவளும் அழுதாள். ஆபீசுக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று பார்த்தார்கள். சதாசிவம் எழுந்து, அவர்களைத் தொந்தரவு செய்யாமல், படியிறங்கித் தனியாக லாரி நிற்கும் இடத்துக்கு நடந்தார்.